மலாவி சபைகளுக்கு உதவி: சம்பளமா, கூரையா, படிப்பா?

ஒரு தமிழ்ச் சபையின் மிஷனரிக் கமிட்டி, தென்கிழக்கு ஆப்பிரிக்க நாடான மலாவியில் உள்ள ஒரு சபையோடு தோழமை வைத்துக்கொள்ள முடிவு செய்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். லண்டனிலோ டொரண்டோவிலோ சென்னையிலோ, எந்தச் சபையாகவும் இருக்கலாம். ஆண்டுக்கு இவ்வளவு என்று தொகையும் ஒதுக்கியாயிற்று. அங்கிருந்து வரும் பட்டியலில் போதகரின் சம்பளம் இருக்கும், சுவர் எழுப்பி நிற்கும் ஆலயத்துக்குக் கூரை இருக்கும், மூப்பர்களுக்குப் பயிற்சி, ஒரு மாவு மில், பஞ்ச மாதங்களுக்குத் தானியம் எல்லாம் இருக்கும். ஒவ்வொன்றும் நியாயமான தேவைதான். எல்லாவற்றுக்கும் பணம் பத்தாது என்பதால்தான் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு தனிப் போதகருக்கு மாதாமாதம் சம்பளம் அனுப்புவதை நான் கடைசியில் வைப்பேன். நாட்டுக்குள்ளேயே நடக்கும் இறையியல் படிப்பையும், சபை மக்களால் எவ்வளவு முயன்றாலும் சொந்தமாக வாங்க முடியாத சில பொருள்களையும் முன்னால் வைப்பேன். இதயம் முதலில் போதகரின் சம்பளத்தைத்தான் தேடிப் போகும் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் அதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே பேச வேண்டியிருக்கிறது.

முதலில் அந்த இடத்தைப் பார்ப்போம். 2018 கணக்கெடுப்பில் மலாவியின் மக்கள்தொகை சுமார் 1.75 கோடி; இப்போது 2 கோடியைத் தாண்டிவிட்டது. உலக வங்கி 2025 வரை வைத்திருந்த வறுமைக் கோட்டின்படி, பத்தில் ஏழு பேர் நாளுக்கு 2.15 டாலருக்கும் குறைவான செலவில் வாழ்ந்தார்கள். பெரும்பாலோர் கிராமத்தில், மானாவாரி மக்காச்சோளத்தை நம்பி இருப்பவர்கள். நவம்பரில் மழை தொடங்கும். ஏப்ரல், மே அறுவடை. புகையிலைச் சந்தையும் ஏப்ரல் வாக்கில்தான் திறக்கும். அறுவடைக்குப் பின் காணிக்கைத் தட்டு கொஞ்சம் கனக்கும், தானியமும் ஆலயத்துக்கு வரும். டிசம்பரிலிருந்து மார்ச் வரை வீட்டுத் தானியக் குதிர் காலியாக இருக்கும்போது தட்டில் என்ன விழும்? திருநெல்வேலிப் பக்கம் அறுப்பின் பண்டிகையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அங்கே பெரிய சபைகளில் ஒன்று மத்திய ஆப்பிரிக்கப் பிரஸ்பிட்டேரியன் சபை, சுருக்கமாக சி.சி.ஏ.பி. ஸ்காட்லாந்துக்காரர்கள் 1875-இல் லிவிங்ஸ்டோனியா மிஷனையும், 1876-இல் பிளான்டையர் மிஷனையும் தொடங்கினார்கள். இரண்டும் 1924-இல் ஒன்றாயின. தென்னாப்பிரிக்க டச்சு சீர்திருத்தச் சபையிலிருந்து வந்த இன்கோமா பகுதி 1926-இல் சேர்ந்தது. இன்று மலாவிக்குள் இந்த மூன்றும் மூன்று சினடுகள், அதாவது தனித்தனி நிர்வாக மன்றங்கள். ஒரு போதகரின் பொறுப்பில் நம் ஊர்ச் சேகரம் போலப் பல ஜெப வீடுகள் இருக்கும். அவர் சைக்கிளிலோ, இருந்தால் மோட்டார் சைக்கிளிலோ சுற்றி வந்து ஞானஸ்நானமும் திருவிருந்தும் கொடுப்பார். மற்ற ஞாயிறுகளில் பிரசங்கம் செய்வது மூப்பர்கள். நோயாளியைப் பார்ப்பது, சாவு வீட்டில் நிற்பது, பாடல் குழுவை நடத்துவது எல்லாம் பெண்கள் சங்கம். பிளான்டையர் சினடில் அந்தச் சங்கத்துக்கு ம்வானோ என்று பெயர். ஆகவே 'போதகருக்கு உதவி' என்று நாம் சொல்லும்போது, அந்தச் சபையைத் தாங்கி நிற்கும் ஆட்களில் ஒருவரை மட்டும்தான் பார்க்கிறோம்.

சரி, சம்பளத்துக்கு வருவோம்.

சம்பளத்துக்கு ஆதரவான வாதம் வலுவானது. வேலையாள் தன் கூலிக்குப் பாத்திரவான் என்பது வேதம். சம்பளம் மாதக் கணக்கில் நின்றுபோகும் போதகர், தன் தோட்டத்தில் மக்காச்சோளம் கொத்திவிட்டுத்தான் பிரசங்கத்துக்குத் தயாராக வேண்டும். பிள்ளைகளின் படிப்புச் செலவு, மனைவியின் மருந்து எல்லாம் கண்ணெதிரே நிற்கும். அனுப்புகிறவர்களுக்கும் இது எளிது: ஒரு பெயர், ஒரு புகைப்படம், மாதம் ஒரு தொகை. தமிழ்ச் சபைகளில் 'ஒரு மிஷனரியைத் தாங்குவோம்' என்ற பழக்கம் ஊறிப்போனது. அதே அச்சில் இதையும் வார்த்துவிடலாம் என்று தோன்றும்.

ஆனால் நம் மிஷனரிச் சங்கங்களில் நாம் தாங்கும் ஊழியர் நம்மால் அனுப்பப்பட்டவர். நம் சங்கத்துக்குத்தான் அவர் கணக்குச் சொல்ல வேண்டும். மலாவிப் போதகர் அப்படி இல்லை. அவரை அழைத்தது அவருடைய சபை. அவரை மாற்றுவது பிரஸ்பிட்டரியோ (வட்டாரச் சபைகளின் மன்றம்) சினடோ. அவருடைய சாப்பாடு பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஒரு பொருளாளர் கையில் என்று ஆனதும், மூப்பர்கள் கூட்டத்தில் அவருக்கும் சபைக்கும் இடையில் உள்ள பிடி தளர்ந்துவிடும். 'போதகர் ஐயருக்கு வெளிநாட்டிலிருந்து வருகிறதே' என்று ஒரு வீட்டார் காணிக்கையைக் குறைத்தால், அடுத்த வீட்டாரும் குறைப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்த வீட்டில் அந்த மாதம் உப்பு வாங்கக்கூடக் காசு இருந்திருக்காது.

அடுத்த சேகரத்துப் போதகரையும் நினைத்துப் பாருங்கள். இருவரும் ஒரே கல்லூரியில் படித்தவர்கள். பிரஸ்பிட்டரி கூட்டத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்காருகிறார்கள். ஒருவருக்கு டாலர் வருகிறது, இன்னொருவருக்கு மக்காச்சோளம் வருகிறது. 2022 மே மாதம் மலாவி தன் நாணயமான குவாச்சாவின் மதிப்பைக் குறைத்தது; டாலரின் விலை 25 சதவீதம் ஏறியது. 2023 நவம்பரில் மறுபடியும் 44 சதவீதம். டாலருக்குச் சுமார் 1,180-ஆக இருந்தது ஒரே நாளில் 1,700 ஆனது. மாதம் 100 டாலர் பெற்றவரின் கையில் 1,18,000 குவாச்சா 1,70,000 ஆயிற்று. பக்கத்து நாற்காலிக்காரருக்குக் கிடைப்பது அதே குவாச்சாதான். கடையில் எண்ணெயும் சோப்பும் உரமும் ஏறிவிட்டன. நல்ல எண்ணத்தோடு அனுப்பிய பணம் ஒரு ஊழியர் கூட்டத்துக்குள் இப்படி ஒரு பள்ளத்தை வெட்டிவிடும். அடுத்த இடமாற்றத்தின்போது எல்லோரும் எந்தச் சேகரத்தைக் கேட்பார்கள் என்று யோசித்தாலே போதும்.

எனக்கு இதில் மிகவும் கவலை தருவது அந்தப் பணம் நிற்கும் நாள். நம் சபையில் கமிட்டி மாறும், ஐயர் மாறுவார், ஆலயத்துக்கு ஏ.சி. வைக்க வேண்டும் என்று ஒரு தீர்மானம் வரும். சம்பளம் நின்றுவிடும். கூரைக்குக் கொடுத்துவிட்டு நிறுத்தினால் கூரை இருக்கும். படிப்புக்குக் கொடுத்துவிட்டு நிறுத்தினால் படித்தவர் இருப்பார். சம்பளம் நின்றால், கொடுத்துப் பழகாத ஒரு சபையும் கடனில் விழுந்த ஒரு குடும்பமும்தான் மிஞ்சும்.

இது வெளியிலிருந்து நாம் சொல்லும் புத்தி அல்ல. கென்யாவில் கிழக்கு ஆப்பிரிக்கப் பிரஸ்பிட்டேரியன் சபையின் பொதுச் செயலாளராக இருந்த ஜான் காத்து, 1971-இல், வெளிநாட்டு மிஷனரிகளும் வெளிநாட்டுப் பணமும் கொஞ்ச காலத்துக்கு வர வேண்டாம், ஆப்பிரிக்கச் சபை தன் காலில் நிற்கப் பழகட்டும் என்று பகிரங்கமாகக் கேட்டார். 1974-இல் லுசாகாவில் கூடிய அனைத்து ஆப்பிரிக்கச் சபைகளின் மாநாடும் அந்தக் குரலை எடுத்துக்கொண்டது. பெரிய சலசலப்பு எழுந்தது. நம் பக்கமும் 1905-இல் தேசிய மிஷனரிச் சங்கம் தொடங்கப்பட்டபோது 'இந்தியப் பணம், இந்திய ஆட்கள், இந்திய நிர்வாகம்' என்பதைத்தான் கொள்கையாக வைத்தார்கள். அதில் முன்னின்றவர் வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. வாங்கும் கையாக இருப்பது என்னவென்று தமிழ்ச் சபைகளுக்கு நன்றாகவே தெரியும். இப்போது கொடுக்கும் இடத்துக்கு வந்திருக்கும்போது அதை மறக்கக் கூடாது.

அதற்காகக் கொள்கை பேசிக்கொண்டு, பட்டினி கிடக்கும் போதகரை அப்படியே விட்டுவிடலாம் என்று சொல்ல வரவில்லை. நாமாக ஒருவரைத் தேர்ந்தெடுக்காமல், சினடின் பொதுவான போதகர் நல நிதிக்குக் கொடுங்கள். மருத்துவச் செலவு, ஓய்வு பெற்றவர்கள், இறந்துபோன போதகரின் மனைவி பிள்ளைகள் ஆகியவற்றுக்கென்று குறித்துக் கொடுங்கள். ஓய்வு பெற்றதும் போதகர் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும். சொந்த வீடு இல்லாதவர் எங்கே போவார்? மாதச் சம்பளத்தை எப்படியோ ஒரு சபை ஒப்பேற்றும். இந்த இடத்தில்தான் அதற்குக் கை எட்டாது.

அடுத்தது கூரை. இதில் எனக்குத் தயக்கம் குறைவு.

மலாவிக் கிராமங்களில் ஆலயம் கட்டும் விதம் இது: சபையார் தாங்களே மண் பிசைந்து செங்கல் அறுப்பார்கள், அடுக்கிச் சூளை மூட்டுவார்கள், பெண்கள் தண்ணீரும் மணலும் தலையில் சுமப்பார்கள். சுவர் எழும்பிவிடும். அதோடு வேலை நின்றுபோகும். காரணம் தகடு. இரும்புத் தகட்டையும் ஆணியையும் நல்ல மரத்தையும் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும்; உடல் உழைப்பு அங்கே செல்லாது. கூரையில்லாத சுவர் மழைக்கு மழை நனைந்து நிற்கும். இந்த இடத்தில் கொடுக்கும் பணம், அவர்கள் ஏற்கெனவே செய்த வேலையை முடித்து வைக்கிறது.

முழுக் கட்டடத்தையும் நாமே கட்டிக் கொடுப்பது வேறு கதை. அது வேண்டாம். பிளான்டையரில் இன்றும் நிற்கும் புனித மிகாவேல் ஆலயத்தை 1888-க்கும் 1891-க்கும் இடையில் கட்டினார்கள். வேலையை நடத்திய மிஷனரி டேவிட் கிளெமென்ட் ஸ்காட் கட்டடக்கலை படித்தவர் அல்ல. வேலை செய்தவர்கள் அந்த ஊர் மக்கள்; கல் அங்கேயே சுட்ட செங்கல். வளைவுகளும் கோபுரங்களுமாக, நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அது உறுதியாக நிற்கிறது. அந்த மக்களுக்குக் கட்டத் தெரியும்.

கூரைக்குக் கொடுக்கிறவர்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: எந்த கேஜ் தகடு? எண் கூடக்கூடத் தகடு மெல்லியது. 32 கேஜ் மலிவு, ஆனால் காற்றுக்குப் படபடவென்று அடித்துக் கிழியும். 28 கேஜ் விலை அதிகம், நீண்ட நாள் வரும். 2023 மார்ச்சில் ஃப்ரெடி புயல் தெற்கு மலாவியைச் சிதைத்தபோது, காணாமல் போனவர்களையும் சேர்த்தால் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அப்படிப்பட்ட இடத்தில் கூரையைச் சுவரோடு இறுக்கிப் பிடிக்கும் கம்பிப் பட்டைக்கும் சேர்த்துப் பணம் கொடுப்பது ஆடம்பரம் ஆகாது. பள்ளத்து வீடுகளில் தண்ணீர் புகுந்தால் ஜனங்கள் வந்து தங்குவது ஆலயத்தில்தான். இன்னொன்று, சூளைக்கு மரம் வெட்டியே மலைகள் மொட்டையாகிவிட்டன. சிமெண்ட் கலந்து அழுத்திச் செய்யும், சுடாத கல்லுக்குச் சபை சம்மதித்தால், அந்தக் கூடுதல் செலவை நாம் ஏற்கலாம்.

படிப்புதான் என் முதல் தேர்வு என்றேன். காரணம் வரலாற்றிலேயே இருக்கிறது. 1876-இல் தொடங்கிய பிளான்டையர் மிஷனில், ஹாரி கம்ப்விரி மட்டேச்சாவும் ஸ்டீபன் குண்டேச்சாவும் முதல் ஆப்பிரிக்கப் போதகர்களாக அபிஷேகம் பெற்றது 1911-இல். லிவிங்ஸ்டோனியாவில் முதல் மூவர் 1914-இல். அதாவது ஏறக்குறைய நாற்பது ஆண்டு! அதுவரை பிரசங்கித்ததும் பள்ளி நடத்தியதும் ஊர் ஊராகப் போனதும் பெரும்பாலும் அந்த ஊர் ஆட்கள்தான். பொறுப்பு மட்டும் கைக்கு வரவில்லை. இன்று பொறுப்பு அவர்களுடையது. ஆனால் அத்தனை ஜெப வீடுகளுக்கும் படித்த போதகர்கள் போதவில்லை.

இதில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, சோம்பா நகரில் இருப்பது போன்ற ஓர் இறையியல் கல்லூரியில் ஒரு மாணவரின் முழுப் படிப்பை ஏற்பது. மற்றொன்று, வேலையில் இருக்கும் மூப்பர்களுக்கும் ஜெப வீட்டுத் தலைவர்களுக்கும் அவர்கள் ஊரிலேயே நடக்கும் விரிவாக்க இறையியல் படிப்பு. இந்த முறை 1963-இல் குவாத்தமாலாவில், பிழைப்பை விட்டுவிட்டுக் கல்லூரிக்கு வர முடியாத கிராமத்துத் தலைவர்களுக்காகப் பிறந்தது. மலாவியிலும் வேர்விட்டிருக்கிறது. பாடப் புத்தகம், மாதம் ஒரு முறை கூடும் வகுப்பு, சுற்றி வரும் ஆசிரியரின் பயணச் செலவு, அவ்வளவுதான். ஒரு மாணவரைக் கல்லூரியில் வைத்துப் படிக்க வைக்கும் பணத்தில் இதில் பலர் படிக்கலாம். கல்லூரிக்கு ஒரு நாளும் போக வாய்ப்பில்லாத ம்வானோ சங்கத்துப் பெண்களும் இதில் சேரலாம் என்பது எனக்கு இன்னும் பெரிய காரணம். கல்லூரியையும் விட்டுவிடக் கூடாது, அங்கிருந்துதான் ஆசிரியர்கள் வர வேண்டும். ஆனால் கையில் இருப்பது சிறிய தொகை என்றால் நான் விரிவாக்கப் படிப்பையே எடுப்பேன்.

வெளிநாட்டுக்கு அழைத்துப் படிக்க வைப்பதை மட்டும் தவிர்க்கச் சொல்வேன். ஒருவரின் விமானச் சீட்டும் விடுதிக் கட்டணமும் சேர்ந்தால் உள்ளூரில் ஒரு வகுப்பே நடக்கும். படித்து முடித்தவர் திரும்பாமல் போனால் சபைக்கு இரட்டை இழப்பு.

வருமானம் தரும் திட்டங்களைச் சுருக்கமாக முடித்துவிடலாம். மாவு மில், கோழிப் பண்ணை, பன்றிப் பண்ணை எல்லாம் காகிதத்தில் நன்றாக இருக்கும். டீசல் கிடைக்காத நாட்டில் மில் ஓடாது. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டில் உதிரிபாகம் வராது. பழுதானால் யார் பொறுப்பு என்ற கேள்விக்குப் பதில் இருக்காது. அதற்கு மாறாக, அங்கே ஏற்கெனவே நன்றாக ஓடிக்கொண்டிருப்பது பேங்கி ம்கோண்டே என்ற திண்ணை வங்கி. இருபது பேர் வாக்கில் கூடி, வாராவாரம் சேமித்து, தங்களுக்குள் கடன் கொடுத்து, ஆண்டு முடிவில் வட்டியோடு பிரித்துக்கொள்வார்கள். பெட்டிக்கு மூன்று பூட்டு, சாவிகள் மூன்று பேரிடம். பணத்தைப் பிரிக்கும் நாளை விதைப்புக்கு முன்னால் வைத்துக்கொண்டால் அந்தப் பணம் உரமாகும். நம் மகளிர் குழுக்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. இதில் வெளிப்பணத்தைக் கொட்டக் கூடாது. தங்கள் பணம் என்ற பயமும் ஒழுங்கும் போய்விடும். புதிய குழுக்களுக்குக் கணக்கு எழுதச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சியாளரின் செலவை மட்டும் ஏற்கலாம்.

பஞ்சகாலத் தானியம் விருப்பத்துக்கு விடப்படும் விஷயம் இல்லை. எல் நினோ வறட்சியால் 2024 மார்ச்சில் 28 மாவட்டங்களில் 23-ஐப் பேரிடர் பகுதியாக அறிவித்தார்கள். அறிவித்த அப்போதைய அதிபர் லாசரஸ் சக்வேரா, அரசியலுக்கு வருமுன் மலாவி அசெம்பிளீஸ் ஆஃப் காட் சபையின் தலைவராக நீண்ட காலம் இருந்த போதகர். இங்கே கேட்க வேண்டியது எப்போது கொடுப்பது என்பதுதான். ஜனவரியில் படத்தைப் பார்த்து மனம் இளகி அனுப்பும் பணம், விலை உச்சத்தில் இருக்கும்போது வாங்கும். அதே பணம் மே, ஜூனில் போய்ச் சேர்ந்தால் அறுவடை விலையில், அங்கேயே உள்ள விவசாயியிடம் வாங்கி, காற்றுப் புகாத பைகளில் கட்டி வைக்கலாம், வண்டு வைக்காது. யாருக்குக் கொடுப்பது என்பதை மூப்பர்களும் பெண்கள் சங்கமும் முடிவு செய்யட்டும். சபை உறுப்பினர் அல்லாதவர்களுக்கும், முஸ்லிம் அண்டை வீட்டாருக்கும் சேர்த்து என்பதை முதலிலேயே பேசிவிட வேண்டும்.

போய்ப் பார்ப்பது பற்றி ஒரு வார்த்தை. பதினைந்து பேர் குழுவாகப் போய்ச் சுவருக்கு வண்ணம் அடித்துவிட்டு வருவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் யாருமே போகாத தோழமை, வெறும் பணம் அனுப்பும் ஏற்பாடாக வற்றிவிடும். 1910-இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் அசரியா மிஷனரிகளைப் பார்த்து, நீங்கள் எவ்வளவோ தந்தீர்கள், எங்களுக்கு நண்பர்களையும் தாருங்கள் என்று கேட்டது இதைத்தான். இரண்டு பேர் போகட்டும், அதில் ஒருவர் கணக்குத் தெரிந்தவராக இருக்கட்டும். எருசலேம் சபைக்குக் காணிக்கை கொண்டுபோனபோது, ஒருவரும் குறை சொல்லாதபடி பவுல் சகோதரர்களையும் கூட அனுப்பினார். அடுத்த முறை அங்கிருந்து இரண்டு பேர் நம் சபைக்கு வந்து பிரசங்கிக்கட்டும்.

பணம் போகும் வழியிலும் கவனம் வேண்டும். போதகரின் சொந்தக் கணக்குக்கோ அவருடைய மொபைல் பணத்துக்கோ அனுப்பாதீர்கள்; அவரைத்தான் சந்தேகத்தின் வாயில் தள்ளுகிறோம். சினடின் கணக்குக்குப் போகட்டும், நகல் பிரஸ்பிட்டரிக்கும் அந்தச் சபையின் பொருளாளருக்கும் போகட்டும். சினடு தன் செலவுக்குச் சிறு பங்கு எடுத்துக்கொண்டால் முகம் சுளிக்க வேண்டாம். கணக்கு எழுதுகிறவருக்கும் சம்பளம் உண்டு. வங்கி மாற்று விகிதத்துக்கும் வெளிச்சந்தை விகிதத்துக்கும் மலாவியில் பெரிய இடைவெளி உண்டு என்பதால், 'வெளியே மாற்றினால் அதிகம் கிடைக்கும்' என்ற யோசனை கட்டாயம் வரும். அது சட்டவிரோதம்; குறைவாகக் கிடைத்தாலும் வங்கி வழியே போகட்டும்.

இந்தியாவிலிருந்து அனுப்புகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல். ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டம் தனிநபர்களுக்கு மட்டுமே. நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை. சபையோ அறக்கட்டளையோ அதைப் பயன்படுத்த முடியாது. அறக்கட்டளை தன் வருமானத்தை நாட்டுக்கு வெளியே செலவிட்டால், மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் அனுமதி இல்லாமல் அந்தத் தொகைக்கு வரிவிலக்கு கிடைக்காது. ஆகவே ஆடிட்டரைப் பார்த்துவிட்டுத் தீர்மானம் போடுங்கள். பிரிட்டனில் கிஃப்ட் எய்டு என்ற வரித் திட்டம் மூலம், வரி கட்டுகிறவர் கொடுக்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் 25 பென்ஸ் கூடக் கிடைக்கும். பணம் அறப்பணிக்கே போனது என்று காட்ட வேண்டியது அறங்காவலர்களின் பொறுப்பு. கனடாவில் 2022 சட்டத் திருத்தத்துக்குப் பின், பதிவு பெறாத வெளிநாட்டு அமைப்புக்கும் நிபந்தனைகளோடு நிதி கொடுக்க வழி திறந்திருக்கிறது.

மூன்று ஆண்டுக்குத் திட்டமிடுகிறோம், கையில் பத்துப் பங்கு இருக்கிறது என்றால் நான் பிரிப்பது இப்படி: விரிவாக்கப் படிப்புக்கும் ஒரு கல்லூரி மாணவருக்கும் நான்கு, கூரைக்கு இரண்டு, தானியத்துக்கு இரண்டு, சினடின் போதகர் நல நிதிக்கு ஒன்று, இரு பக்கமும் போய்வரும் பயணத்துக்கு ஒன்று. இதை அவர்களிடம் அனுப்பி, மாற்றச் சொல்லிக் கேட்பேன். அவர்கள் ஒரு எழுத்தும் மாற்றாமல் அப்படியே சம்மதித்தால், தோழமை இன்னும் தொடங்கவில்லை, கொடுக்கிறவர் முகம் பார்த்துப் பதில் வருகிறது என்று எடுத்துக்கொண்டு மறுபடியும் கேட்பேன். தானியப் பணம் மே மாதத்துக்குள் போக வேண்டும். கூரைப் பணம் ஆகஸ்டுக்குள் போய்ச் சேர்ந்தால்தான் தகடு வாங்கி, தச்சரைப் பிடித்து, நவம்பர் மழைக்கு முன் ஏற்ற முடியும். ஆகவே ஏப்ரல் கமிட்டிக் கூட்டத்திலேயே இந்த இரண்டையும் முடித்துவிட வேண்டும். படிப்புக்கான தொகையை ஜூன் கூட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம்.